கேள்வி கேட்டால் மட்டும் போதுமா?



"நம்ம எம்.பி. பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டுவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும்" என்று சும்மா இருப்பவர்கள் ஒரு பக்கம். "கேள்வி கேட்டு என்ன கிழிக்கப் போகிறார்கள்?" என்று எரிந்து விழுபவர்கள் மறுபக்கம். இரண்டு பேச்சும் தொழிலாளிக்கு உதவாது. இங்கிலாந்தில் ஜரோ என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள்.

டைன் ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊருக்குச் சோறு போட்டது பாமர்ஸ் கப்பல் கட்டும் தளம். போட்டியைக் குறைப்பதற்காகக் கப்பல் முதலாளிகள் கூடி அமைத்த ஒரு கம்பனி, 1934இல் அதை வாங்கி இழுத்து மூடியது. 40 வருடங்களுக்கு அங்கே கப்பல் கட்டக் கூடாது என்று தடையும் போட்டது. தொழிலாளரில் 100க்கு 70 பேருக்கு மேல் வேலையில்லை. உருக்காலை ஒன்று கட்டலாம் என்று திட்டம் வந்தபோது, உருக்கு முதலாளிகளின் சங்கம் அதற்கும் குறுக்கே நின்றது.

1935இல் அந்தத் தொகுதியில் தெரிவானவர் எலன் வில்கின்சன். தொழிற்கட்சிக்காரர், எதிர்க்கட்சியில் பின்வரிசை உறுப்பினர். பதவி இல்லை, அதிகாரம் இல்லை. கையில் இருந்தது கேள்வி ஒன்றுதான். உருக்காலை என்னவாயிற்று, ஜரோவுக்கு என்ன தொழில் தரப் போகிறீர்கள் என்று சபையில் கேட்டார். வர்த்தக அமைச்சர் வோல்டர் ரன்சிமனோ, தன்னைக் காண வந்த ஊர்த் தூதுக்குழுவிடம், ஜரோ தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கையை விரித்தார்.

ஊர் அடங்கவில்லை. 1936 ஒக்டோபர் 5ஆம் திகதி 200 பேர் லண்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள். 280 மைல் தூரம். கையில் 11,000 பேருக்கு மேல் கையொப்பமிட்ட மனு. வில்கின்சனும் வழியில் சேர்ந்து நடந்தார். கட்சித் தலைமையும் தொழிற்சங்க மேலிடமும் கைகொடுக்கவில்லை. அந்த வெட்கமும் சரித்திரத்தில் இருக்கிறது.

நவம்பர் 4ஆம் திகதி மனுவைச் சபையில் வைத்தார். நிலைமை முன்பைவிடத் தேறிவருகிறது என்பதுதான் ரன்சிமனின் பதில்! நடந்து வந்தவர்களின் உதவிப் பணத்திலும் வெட்டு விழுந்தது. அந்த நாட்களில் வேலைக்குத் தயாராக இருக்கவில்லையாம். கொழுந்து குறைந்தால் நமக்கு அரைப்பேர் போடுகிறார்களே, அதே கணக்கு.

அப்போது தோல்விதானே என்பீர்கள். உடனே வேலை கிடைக்கவில்லை, உண்மை. ஆனால் அமைச்சரின் அலட்சியம் நாட்டுக்கே தெரிந்தது. தெரிய வைத்தவை 200 பேரின் கால்கள். அந்த நடை இல்லாவிட்டால் கேள்வி ஹன்சாட்டில் நாலு வரியாகக் கிடந்திருக்கும். கேள்வி இல்லாவிட்டால் அமைச்சர் வாயே திறந்திருக்க மாட்டார்.

கேட்க ஆளில்லாத கொடுமையை நாம் பட்டவர்கள். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், வாக்கும் போனது. 1952 தேர்தலில் நம் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை. எஞ்சியவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அப்படிப் பெற்ற வாக்கைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாமா? லயத்துக் கூரை, தோட்டத்துப் பாதை, காணி உறுதி பற்றி எந்தத் திகதியில் கேள்வி கேட்டீர்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிப் பிரட்டுக்களத்தில் வாசியுங்கள். மழுப்பல் என்றால், தோட்டக் கமிட்டிகளே, கையொப்பம் திரட்டுங்கள். நடக்க வேண்டி வந்தால் நடப்போம்!