டிரெய்னர் பெயரை நம்பிப் பணம் கட்டலாமா?

சம்பளம் வந்த மறுநாள் பார்சல் ஆபீசில் மூட்டை இறக்கும் தர்மபுரிக்காரர் ஒருவர் என் ஜன்னலுக்கு வந்தார். வயதில் என்னை விட மூத்தவர். கையில் நாலாக மடித்த ரேஸ் புத்தகம்.

"சார், மூணாவது ரேசுல இந்த டிரெய்னரோட குதிரை நிக்குது. பேரைப் பார்த்தாலே போதும். நீங்களும் ஒரு நூறு சேர்த்துக்குங்க" என்றார்.

"குதிரைக்குப் பேர் என்னண்ணே?" என்று கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை. புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் சொன்னார்.

பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் இருந்து ரேஸ் மைதானம் நடக்கிற தூரம்தான். ஆனந்தராவ் சர்க்கிளைத் தாண்டினால் மதில் தெரியும். ரேஸ் நாளில் அந்தப் பக்கம் போகிற கூட்டத்தில் காதில் விழுவது பாதிக்கு மேல் தமிழ்தான். ஸ்ரீராம்புரம், காட்டன்பேட்டை, அல்சூர் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் உண்டு. பெரும்பாலோர் வாயில் வருவது குதிரையின் பெயர் அல்ல, டிரெய்னரின் பெயர்தான். "அவர் கைராசிக்காரர்", "அவர் இந்த வாரம் விடமாட்டார்" என்று பேசிக்கொள்வார்கள்.

இது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இந்த ஊரில் ரஷீத் பைராம்ஜி என்று ஒரு டிரெய்னர் இருந்தார். இந்தியன் டெர்பியைப் பலமுறை வென்றவர். 1970-களிலும் 80-களிலும் அவர் லாயத்துக் குதிரை என்றாலே புக்கிகள் விலையைக் குறைத்துவிடுவார்கள். பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு பல ஆண்டு உழைப்பில் வந்தது.

கோர்ட்டே ஒப்புக்கொண்ட விஷயம்

இன்னொன்றையும் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இந்த நாட்டில் குதிரைப் பந்தயம் சட்டப்படி நடப்பதற்கே 'பயிற்சி' என்ற ஒரு சொல்தான் ஆதாரம்.

தமிழ்நாட்டில் 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986-ல் சென்னை ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1996 ஜனவரியில் தீர்ப்பு. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை விளையாட்டு என்று கோர்ட்டு கூறியது. குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பயிற்சியால் வருபவை, ஜாக்கிகள் தங்கள் கலையில் தேர்ந்தவர்கள் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது. (கிண்டி மைதானத்தின் குத்தகையை ரத்துசெய்து 2024 செப்டம்பரில் தமிழக அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது வேறு கதை. அது வாடகைப் பாக்கி விவகாரம்.)

ஆக, பயிற்சிதான் முடிவு செய்கிறது என்று கோர்ட்டே சொல்லியாயிற்று. அப்படியானால் டிரெய்னர் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுகிற தர்மபுரிக்காரர் செய்வது தப்பா? பெயரைப் பார்ப்பது தப்பில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்க்க அவருக்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

விலைச் சீட்டு கட்டிய குதிரைகள்

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போய் வர வேண்டும். அங்கே நடக்கும் ரேஸ்களில் பெரும்பகுதி 'கிளெய்மிங் ரேஸ்' என்ற வகை. நம் பக்கத்தில் இது வழக்கத்தில் இல்லை.

பந்தயத்தில் ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே விலை குறித்துவிடுவார்கள். பத்தாயிரம் டாலர் ரேஸ் என்றால், அதில் ஓடும் எந்தக் குதிரையையும் பத்தாயிரம் டாலருக்கு வாங்கலாம். லைசென்ஸ் உள்ளவர் ரேசுக்கு முன்பே பணத்தைக் கட்டிச் சீட்டுப் போட்டுவிட வேண்டும். ஒரே குதிரையை இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். ரேஸ் முடிந்ததும் குதிரை புது முதலாளியுடன் போய்விடும். பரிசு கிடைத்தால் அது மட்டும் பழையவருக்கு.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், ஒரு லட்சம் பெறும் குதிரையைப் பத்தாயிரம் ரேசில் ஓட்டி சுலபமாக ஜெயிக்கலாம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். குதிரையே கைவிட்டுப் போய்விடுமே! முதலாளியின் பேராசைக்கு அந்த விலைச் சீட்டே கடிவாளம்.

இந்த வகை ரேசில்தான் டிரெய்னரின் கண் தெரியும். மற்றவர் வேண்டாம் என்று விட்டதை வாங்கி ஜெயிக்க வைக்க வேண்டும்.

நியூயார்க்கில் ஹிர்ஷ் ஜேக்கப்ஸ் என்று ஒருவர் இருந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. இளமையில் நீராவிக் குழாய் பொருத்தும் வேலை, ஓய்வு நேரத்தில் புறாப் பந்தயம். நம் வியாசர்பாடி, ராயபுரத்துப் புறாப் பிரியர்களுக்கு இவரைப் பிடிக்கும். 1943-ல் அவர் ஸ்டைமி என்ற குதிரையை 1,500 டாலருக்குக் கிளெய்ம் செய்தார். அதுவரை அது ஒரு ரேஸ் கூட ஜெயித்ததில்லை. பிற்பாடு அந்தக் குதிரை மொத்தம் 131 ரேஸ் ஓடி 35 ஜெயித்தது. சம்பாதித்தது 9 லட்சத்து 18 ஆயிரம் டாலருக்கு மேல்! ஜேக்கப்ஸ் தம் வாழ்நாளில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரேஸ் ஜெயித்தார்.

சமீப காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் எரிக் ரீட் என்ற டிரெய்னர் ரிச் ஸ்டிரைக் என்ற குதிரையை 30,000 டாலருக்குக் கிளெய்ம் செய்தார். 2022 மே மாதம் அது கெண்டக்கி டெர்பியை வென்றது. அன்றைக்கு அதன் விலை ஒன்றுக்கு எண்பது. அதில் ஓட அதற்கு இடம் கிடைத்ததே முதல் நாள் வேறொரு குதிரை விலகியதால்தான்.

அதே வெற்றி, வேறு வழி

இதுவரை கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபக்கமும் உண்டு.

ஜார்ஜ் நவாரோ என்ற டிரெய்னரும் மலிவான குதிரைகளைக் கிளெய்ம் செய்து ஜெயிக்க வைத்துப் பெயர் எடுத்தவர்தான். நியூஜெர்சியில் மான்மவுத் பார்க் மைதானத்தில் பல ஆண்டு அவர்தான் முதல். ஒருவரிடம் சோர்ந்து கிடந்த குதிரை இவரிடம் வந்த சில வாரத்தில் பறக்கும். ஜனங்கள் அவர் பெயரைப் பார்த்தே பணம் கட்டினார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்க அரசு அவர் மீதும் ஜேசன் செர்விஸ் என்ற டிரெய்னர் மீதும் இன்னும் பலர் மீதும் வழக்குப் போட்டது. குதிரைகளுக்கு ஊக்க மருந்து கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நவாரோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2021 டிசம்பரில் 5 ஆண்டு சிறை. செர்விசும் ஒப்புக்கொண்டார். 2023 ஜூலையில் 4 ஆண்டு.

செர்விசின் குதிரை ஒன்று, மேக்சிமம் செக்யூரிட்டி. முதல் ரேஸ் ஓடியது 16,000 டாலர் கிளெய்மிங் ரேசில். 2020 பிப்ரவரியில் சவுதி கோப்பையில் முதலாவதாக வந்தது. சில நாளில் செர்விஸ் கைதானதும் பரிசுப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஜேக்கப்சையும் நவாரோவையும் வெறும் ரேஸ் புத்தகத்தில் பாருங்கள். இருவரும் மலிவாக வாங்கினார்கள், இருவர் குதிரையும் முன்னேறியது, இருவரும் மற்றவர்களை விட அதிகம் ஜெயித்தார்கள். காகிதத்தில் வித்தியாசமே தெரியாது. தெரிய வேண்டுமானால் லாயத்துக்குள் எட்டிப்பார்க்க அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் அதற்கென்று தேசிய அளவில் ஓர் அமைப்பு வந்து மருந்துச் சோதனையை ஒரே விதியின் கீழ் கொண்டுவந்தது 2023-ல்தான். பல கோடி டாலர் புழங்கும் இடத்திலேயே இத்தனை தாமதம்!

பெங்களூரில் என்ன நிலை?

இங்கே குதிரைக்கு விலைச் சீட்டு இல்லை. 'ரேட்டிங்' என்ற மதிப்பெண் உண்டு. நன்றாக ஓடினால் மதிப்பெண் ஏறும், அடுத்த முறை முதுகில் கூடுதல் எடை. சரியாக ஓடாவிட்டால் மதிப்பெண் இறங்கும், எடை குறையும், சுலபமான வகுப்பு கிடைக்கும். எல்லாக் குதிரைக்கும் வாய்ப்பு வர வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் இதில் ஒரு சபலம் ஒளிந்திருக்கிறது. இரண்டு மூன்று முறை முழு மூச்சாக ஓட்டாமல் விட்டால் எடை குறையும். பிறகு ஒரு நாள் பார்த்து ஜெயிக்கலாம். கிளெய்மிங் ரேசில் இப்படி விளையாடினால் குதிரையை இன்னொருவன் தட்டிக்கொண்டு போய்விடுவான். இங்கே அந்தப் பயம் இல்லை. இருப்பது ஸ்டூவர்டுகளின் கண் மட்டும். எல்லா டிரெய்னரும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. யார் செய்கிறார், யார் செய்யவில்லை என்று இரண்டாம் என்குளோசரில் நிற்கிறவனுக்குத் தெரிய வழியில்லை என்கிறேன். "அவர் இந்த வாரம் விடமாட்டார்" என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம்? போன வாரம் விட்டார் என்றுதானே?

மருந்து விவகாரமும் நமக்குப் புதிதல்ல. 2017-ல் இங்கே ஜெயித்த குயின் லத்தீஃபா என்ற பெண் குதிரையின் மாதிரியில் புரோகெய்ன் என்ற மருந்து இருந்ததாகச் சோதனையில் தெரிந்து, விவகாரம் போலீஸ் வரை போயிற்று. இதெல்லாம் வெளியே வருவதற்குள் டிக்கெட் எப்போதோ பட்டுவாடா ஆகிவிடும். இரண்டாவது வந்த குதிரை மீது கட்டியவனைக் கூப்பிட்டு யாரும் பணம் கொடுக்கப் போவதில்லை.

நேர்மையான டிரெய்னரையே எடுத்துக்கொள்வோம். நாலு குதிரைக்கு ஒன்று ஜெயிப்பவர் என்றால் கெட்டிக்காரர். அவர் குதிரைக்கு ஒன்றுக்கு இரண்டு விலை கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாலு முறை நூறு நூறாகக் கட்டினால் நானூறு. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்தின் முழுத்தொகை மீதும் 40 சதவீத ஜி.எஸ்.டி. (அதற்கு முன் 28). ஆக வரி 160. கையை விட்டுப் போனது 560. ஒரு முறை ஜெயித்து வருவது 300. நஷ்டம் 260 ரூபாய். மருந்து இல்லை, மோசடி இல்லை, டிரெய்னரும் உத்தமர். அப்படியும் இந்தக் கணக்கு!

வரிக்குப் பயந்து டிக்கெட் இல்லாமல் வெளிப் புக்கியிடம் கட்டுகிறவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் மைதானத்துக்குள்ளேயே புக்கிகளின் இடங்களில் போலீசார் சோதனை நடத்தி 3 கோடி ரூபாய்க்கு மேல் பறிமுதல் செய்தார்கள். வரி ஏய்ப்புப் புகார். சீட்டு இல்லாமல் கட்டியவன் ஜெயித்தாலும் கேட்க நாதியில்லை.

டர்ப் கிளப் ஒன்று செய்யலாம். எந்தெந்தக் குதிரை லாயம் மாறியது, மாறிய பிறகு எப்படி ஓடியது, எந்த ஓட்டத்தைப் பற்றி ஸ்டூவர்டுகள் டிரெய்னரிடம் விளக்கம் கேட்டார்கள், என்ன பதில் வந்தது, மருந்துச் சோதனை முடிவு என்ன என்பவற்றை டிரெய்னர் வாரியாகத் தொகுத்து, ரேஸ் புத்தகத்திலேயே கன்னடத்திலும் தமிழிலும் போடலாம். விவரம் தெரிந்தவர்கள் ஆங்கிலத்தில் தேடிப் படித்துக்கொள்கிறார்கள். மூட்டை தூக்குகிறவருக்குப் பெயர் மட்டும்தான் மிச்சம்.

இந்தக் கணக்கையெல்லாம் அன்றைக்கே ஒரு பழைய பாரத்தின் பின்பக்கம் போட்டு தர்மபுரிக்காரரிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "அப்ப அம்பது மட்டும் கட்டறேன் சார்" என்று கிளம்பிவிட்டார்.

அந்தக் குதிரை ஜெயித்தது. மறுநாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குதிரையின் பெயரைக் கேட்டேன். மறுபடியும் புத்தகத்தைப் பிரித்தார்.