பலகையில் ஒட்டினால் போதுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எதைப் பற்றி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். விண்வெளி, கணினி, நாளைய உலகம் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது எங்கள் தெருதான். அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. இப்போது இல்லை. அது போன கதையையும், அதனால் எனக்குத் தோன்றிய கருத்தையும் எழுதுகிறேன். சின்ன விஷயம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

என் அப்பா கொத்தனார். அம்மா தெருமுனையில் காலையில் இட்லிக் கடை போடுகிறார். இருவருமே பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் நான்தான், பாலிடெக்னிக் படி ஏறியதும் நான்தான். கரண்ட் பில்லோ, பேங்க் கடிதமோ, எந்தக் காகிதம் வந்தாலும் "எடுத்து வை, பாப்பா வந்து படிக்கட்டும்" என்பார் அப்பா. அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளூர ஒரு பெருமை. படித்தவள் அல்லவா!

நான் தினமும் பஸ் ஏறுவது நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே. அலுவலக வாசலில் கம்பிவலை போட்ட ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. இரண்டு வருஷம் அதன் எதிரிலேயே நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்துச் சுவரில் ஒட்டும் சினிமா போஸ்டர் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அந்தப் பலகையை மட்டும் ஒரு நாளும் படித்ததில்லை. அதில் நமக்கு என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான்!

போன வருஷம் ஆடி மாதம் ஒரு காலை வேளை. கடப்பாரையோடு இரண்டு பேர் வந்து தெருக்குழாயைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். அம்மா மாவுக் கையோடு ஓடிப்போய்க் கேட்டார். வந்தவர் கோபமாகப் பேசவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். "மூணு மாசத்துக்கு முன்னாடியே அறிவிப்பு போட்டாச்சும்மா. வீட்டு இணைப்பு வேணும்கிறவங்க மனு கொடுத்துப் பணம் கட்டணும், அப்புறம் பொதுக்குழாய் எடுத்துடுவோம்னு போட்டிருந்ததே?"

"எங்க போட்டிருந்தீங்க?"

"ஆபீஸ் போர்டுலதாம்மா."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ தெனமும் அங்கதானே பஸ் ஏறுற பாப்பா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. வைவா தேர்வில் எத்தனையோ கேள்விக்குத் தடுமாறியிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை...

அன்று மாலையே போய்ப் பார்த்தேன். வெயிலில் வெளுத்துப்போன காகிதம் அப்படியே இருந்தது. "மேற்படி வார்டுகளில் குடிநீர் இணைப்பு கோரும் கட்டட உரிமையாளர்கள் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பித்து, வைப்புத்தொகையினை ஒரே தவணையிலோ அல்லது நிர்ணயிக்கப்பட்ட தவணைகளிலோ செலுத்துமாறு இதன்மூலம் அறிவிக்கலாகிறது" என்று போயிற்று. டிப்ளமோ படிக்கும் எனக்கே இரண்டு தடவை படித்த பிறகுதான் விளங்கியது. அம்மாவிடம் "முப்பது நாளைக்குள்ள மனு கொடு, பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கட்டலாம்" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால், அவர் அடுத்த நாளே சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

எங்கள் தெருவில் நாற்பது வீடு. அறிவிப்பு தெரிந்து பணம் கட்டியவை ஏழு. ஒருவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா, ஒருவர் காண்டிராக்டர், மற்றவர்கள் அவர்களுக்கு வேண்டியவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செய்தி என்பதும் தண்ணீர் மாதிரிதான். அழுத்தம் இல்லாவிட்டால் மேட்டு வீட்டுக்கு ஏறாது. ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் படித்தது எங்கள் தெருவில்தான் எனக்குப் புரிந்தது!

கதை அதோடு முடியவில்லை. ஏழு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, அதன்மேல் சிமெண்ட் சாலையும் போட்டுவிட்டார்கள். இனிமேல் யார் இணைப்புக் கேட்டாலும் புதுச் சாலையை வெட்ட வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும், வெட்டிய இடத்தைச் சரிசெய்யும் கட்டணமும் கட்ட வேண்டும். அமைப்பியல் மாணவி என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கட்டணத்தைக் குறை சொல்ல முடியாது. வெட்டிய சாலையைச் சரியாக மூடாவிட்டால் மண் அமுங்கிப் பள்ளமாகும். ஆனால் ஒரு காகிதம் எங்கள் தெரு வரைக்கும் வந்திருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது. இப்போது லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய். இட்லிக்கு அரிசி ஊறப்போட, கழுவ, ஆட்ட, பாத்திரம் தேய்க்க என்று அம்மாவுக்குத் தினமும் ஆறு குடம் வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

யார் மேல் தவறு? அலுவலகத்தில் கேட்டால் "பலகையில ஒட்டினோம், பேப்பரில விளம்பரம் கொடுத்தோம், சட்டப்படி செஞ்சாச்சு" என்கிறார்கள். பொய்யில்லை. ஆள் பற்றாக்குறையும் உண்மைதான். ஆனால் சட்டப்படி என்ற வார்த்தையைக் கேட்டதும், சட்டம் என்னதான் சொல்கிறது என்று நம் கல்லூரி நூலகத்தில் தேடினேன்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவது, முப்பது நாளில் பதில் வருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதன் 4-ஆவது பிரிவு வேறொன்றும் சொல்கிறது. யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் பல தகவல்களைத் தாமாக மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவிக்கும்போது ஆகும் செலவு, அந்தப் பகுதியின் மொழி, அந்தப் பகுதியில் எந்த முறையில் சொன்னால் அதிகம் போய்ச் சேரும் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் என்று வழிகளையும் அதுவே சொல்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் பாதிப்பேர் வாழும் தெருவுக்குப் பலகை மட்டும் போதுமா? சட்டத்தின் கருத்து அதுவாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஆயா சொல்வார், "அந்தக் காலத்துல தண்டோரா போடுவாங்க, காது கேக்கிற எல்லாருக்கும் சேதி தெரியும்" என்று. அந்தத் தண்டோராவைப் போடவைத்தது யாரை, எந்தச் சாதியாரை என்பதும் நமக்குத் தெரியும். அது மனிதரைத் தாழ்த்தும் வழக்கம் என்று 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் தடுத்து, ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கச் சொல்லிக் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். மிக நல்ல காரியம்! தண்டோரா போகத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பதில் வரவேண்டிய மைக் வண்டி, குழாய் விஷயத்தில் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

இன்னொன்று. எங்கள் பெரியப்பா கிராமத்தில் இருக்கிறார். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றாலே கிராம சபை என்று அவருக்குத் தெரியும். பிறகு மார்ச் 22-ம், நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறு நாளாகின. நகரத்தில் இருக்கும் நமக்கு என்ன? 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. வார்டு குழு என்ற பேச்சு அதிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பல நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து! எங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேட்டேன், "பகுதி சபை தெரியுமா?" என்று. "அது என்ன கட்சிக் கூட்டமா?" என்று ஒரு அக்கா திருப்பிக் கேட்டார். கூட்டம் நடந்தும் என்ன பயன், அது நடப்பதே தெரியாவிட்டால்?

நண்பர்கள் சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. "இந்தக் காலத்திலயும் மைக் வண்டியா? வார்டு வாட்ஸ்அப் குரூப் இருக்கே!" என்பீர்கள். இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன். காலை வணக்கம் நாற்பது, பிறந்தநாள் வாழ்த்து இருபது, கட்சிப் படம் பத்து... நடுவில் "நாளை தண்ணீர் வராது" என்ற ஒரு வரி மூழ்கிப்போகிறது. அம்மாவிடம் இருப்பதோ பட்டன் போன். போன் இருக்கும் வீட்டிலும் அது வேலைக்குப் போகும் ஆண்களின் பாக்கெட்டில் இருக்கிறது. தண்ணீர் பிடிப்பவர்கள் பெண்கள். செய்தி யாருக்கு வேண்டுமோ அவர்களிடம் போன் இல்லை!

நம் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்றால் என்ன செய்கிறார்கள்? பலகையில் ஒட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார்களா? சர்குலர் வகுப்பு வகுப்பாக வருகிறது. ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு வாசிக்கிறார். அன்று லீவு போட்டவனுக்குக்கூட நண்பன் போய்ச் சொல்கிறான். படித்த நமக்கே இத்தனை ஏற்பாடு தேவைப்படுகிறது. படிக்காத என் அம்மாவுக்குக் கம்பிவலைக்குள் ஒரு காகிதம் போதும் என்பது என்ன நியாயம்?

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். 1910-களின் கடைசியில் ஈரோடு நகராட்சித் தலைவராகப் பெரியாரும், சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜியும் இருந்தார்கள். நாடறிந்த தலைவர்கள் குழாய்க்கும் குடிநீருக்கும்தான் முதலில் உழைத்தார்கள்.

நகராட்சிகளை நடத்தும் பெரியவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் மூன்று. பணம் கட்டவோ, மனுக் கொடுக்கவோ, ஆட்சேபணை சொல்லவோ கடைசித் தேதி உள்ள எந்த அறிவிப்பையும், சம்பந்தப்பட்ட தெருவில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு, மைக்கில் சொல்லுங்கள். அறிவிப்பின் தலையில் "யார், என்ன, எந்தத் தேதிக்குள்" என்று மூன்று வரியைப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். ஒரு பிரதியை ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்டி, அங்கே வேலை செய்பவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை!

நமக்கு? படித்தது நாம்தானே. நானும் என் தோழி ஒருத்தியும் சனிக்கிழமைதோறும் அந்தப் பலகையை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறோம். சாயங்காலம் லாரி வரும் வரை குடத்தோடு காத்திருக்கும் பெண்களிடம் வாசிக்கிறேன். முதல் வாரம் நாலு பேர் கேட்டார்கள். "இவ பெரிய கலெக்டரு" என்று கேலியும் செய்தார்கள். அக்டோபர் 31-க்குள் அந்த அரையாண்டு வீட்டு வரியைக் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்று சொன்னேன். பதினோரு வீட்டார் கட்டினார்கள். மிச்சமானது சில ரூபாய்தான். ஆனால் அடுத்த வாரம் அவர்களே "இந்த வாரம் என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார்கள். பிறகு ஒரு முகாம் அறிவிப்பைப் பார்த்து, முப்பத்து மூன்று வீட்டாரும் சேர்ந்து, சாலை வெட்டும் கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளும்படி மனுக் கொடுத்திருக்கிறோம். மனுவை எழுதியது நான், முதல் கையெழுத்து அப்பா. பதில் இன்னும் வரவில்லை. குழாயும் வரவில்லை. வரும்வரை கேட்போம்.

எனக்கு இப்போது பதினெட்டு வயது. ஓட்டு வந்துவிட்டது. அது ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள். பலகை தினமும் அங்கேயே இருக்கிறது. நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாம் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் ஐந்து நிமிஷம் அந்தப் பக்கம் திரும்புவோம். படித்ததை நம் தெருவில் வாய்விட்டுச் சொல்வோம். நான் திரும்பாத அந்த ஐந்து நிமிஷத்துக்கு என் அம்மா இன்றும் குடம் தூக்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் அம்மா தூக்க வேண்டாம்.



மூன்றாம் ஆண்டு மாணவி, அமைப்பியல் துறை