காவிரி வழக்கில் குடியானவனுக்கு இடம் எங்கே?

காவிரித் தண்ணீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, ஒகேனக்கல்லில் விழுந்து, ஏரியூருக்கு அதிகத் தொலைவில்லாமல் மேட்டூர் அணைக்குப் போய்ச் சேருகின்றது. ஆனால் ஏரியூர் மேட்டுக்காட்டுக்காரன் வானத்தைப் பார்த்துத்தான் விதைக்கின்றான். கிணற்றுத் தண்ணீரிலுள்ள புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்த இந்த ஜில்லாவுக்கு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து சேர 2013 ஆயிற்று.

இதைக் காவிரித்தாயின் கோபம் என்று சொல்லிப் பொங்கல் வைப்பவர்கள் இருக்கின்றார்கள். தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்று 2007லும், 404.25 டி.எம்.சி. என்று 2018லும் எழுதியது எந்தத் தாய்? சம்பளம் வாங்கும் ஜட்ஜுகளல்லவா எழுதினார்கள்? ஆகவே அந்தக் கோர்ட்டு எப்படி ஏற்பட்டது, அதில் யாருக்கு வாயுண்டு என்று கேட்பதே புத்தியுள்ளவர்கள் வேலை.

மைசூரும் சென்னையும் 1892லும் 1924லும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் தகராறில் முடிந்தபின், 1956ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒரு நடுவர் மன்றம் கேட்கப்பட்டது. டில்லி சர்க்கார் அசையவில்லை. தஞ்சை விவசாயிகள் சங்கம் 1983ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1990 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது; ஜூன் 2ந் தேதி மன்றம் பிறந்தது. பிரதம நீதிபதி நியமித்த மூன்று ஜட்ஜுகள். இறுதித் தீர்ப்புக்கு ஏறக்குறைய 17 வருஷம்!

வேடிக்கை என்னவென்றால், கதவைத் தட்டித் திறக்கவைத்தவன் குடியானவன். திறந்தபின் உள்ளே கட்சிக்காரர்களாக உட்கார்ந்தவர்கள் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகிய நான்கு சர்க்கார்கள் மட்டுமே. சர்க்காரே தன் வழக்கைச் சரியாகச் சொல்லாவிட்டால், அல்லது தஞ்சைக்குக் கேட்டுவிட்டுத் தர்மபுரியை மறந்துவிட்டால், ஏரியூரான் யாரிடம் முறையிடுவது?

இது நடவாத காரியமென்று வக்கீல்கள் சொல்லக்கூடும். மத்திய அமெரிக்காவின் ஐந்து சிறு குடியரசுகள் 1907ல் ஒப்பந்தம் செய்து, 1908ல் கோஸ்டாரிகாவின் கார்ட்டாகோ நகரில் ஒரு பொதுக் கோர்ட்டு வைத்தன. தேசத்துக்கு ஒரு ஜட்ஜாக ஐவர். அந்தந்தச் சட்டசபையே தேர்ந்தெடுத்தது. ஒரு தேசத்துப் பிரஜை தனியாளாக நின்று இன்னொரு தேசத்துச் சர்க்காரின்மேல் அங்கே வழக்குத் தொடரலாம். தனியாட்கள் போட்ட ஐந்து வழக்குகளில் ஒன்றும் ஜெயிக்கவில்லையென்பதும் உண்மையே. கால்வாய் உரிமையை அமெரிக்காவுக்குக் கொடுத்த நிகரகுவா, தனக்கு எதிரான தீர்ப்பை ஏற்க மறுத்தது. 1918ல் கோர்ட்டே மூடப்பட்டது. தீர்ப்பை நடத்திவைக்கும் கை அதற்கு இல்லை.

நமக்கு அந்தக் கை 2018 ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையமாக வந்தது. அதிலும் இருப்பவர்கள் டில்லி நியமித்தவர்களும் நான்கு சர்க்கார்களின் அதிகாரிகளுமே. அங்கே அணைவாரியாகக் கணக்குப் பேசும்போது, ஆற்றங்கரை ஜில்லாக்களின் குடியானவர்கள் தேர்ந்தெடுத்த இருவரையாவது உட்காரவைத்துக் கேட்கட்டும். தமிழ்நாடு சர்க்கார் இதை எழுத்து மூலம் கேட்கவேண்டும். பென்னாகரம் சட்டசபை அங்கத்தினர் இதைச் சபையில் கிளப்பவேண்டும்.