விபத்தில் அடிபட்டவருக்கு ‘குளுக்கோஸ்’ ஏற்றலாமா? முதல் ஒரு மணி நேரத்தில் டிரிப்ஸும் மயக்க மருந்தும் செய்வது என்ன?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து நடந்து, அடிபட்டவரை அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும் உறவினர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “டாக்டர், சீக்கிரம் ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க.” அடுத்தது, “வலி தாங்க முடியல, மயக்க ஊசியாவது போடுங்க.”

இரண்டுமே நியாயமான பதற்றம்தான். ஆனால் எந்தத் திரவம், எவ்வளவு, எந்த மயக்க மருந்து, யார் முன்னிலையில் என்பதில் தவறு நடந்தால், உயிர் காக்க வேண்டிய மருந்தே உயிருக்கு ஆபத்தாகலாம்.

இந்தக் கேள்வி செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ரொம்பவே நெருக்கமானது. ஒரு பக்கம் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாக ஈ.சி.ஆர். இன்னொரு பக்கம் மதுராந்தகம், மேல்மருவத்தூர் வழியாக ஜி.எஸ்.டி சாலை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு சுமார் 30 கி.மீ. அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தில்தான் டிரிப்ஸுக்கும் மயக்க மருந்துக்கும் வேலை.

‘குளுக்கோஸ் பாட்டில்’ எல்லாமே குளுக்கோஸா?

இல்லை. பேச்சுவழக்கில் எல்லா பாட்டிலையும் குளுக்கோஸ் என்றே சொல்கிறோம். விபத்து சிகிச்சையில் பொதுவாக ஏற்றப்படுவது இரண்டு வகை. ஒன்று, நார்மல் சலைன். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு கலந்தது. மற்றொன்று, ரிங்கர் லாக்டேட். இதில் சோடியத்துடன் பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் இருக்கும். இரத்தத்தின் உப்புச் சமநிலைக்கு ஓரளவு நெருக்கமானது.

உண்மையான குளுக்கோஸ் பாட்டில் என்பது 5% டெக்ஸ்ட்ரோஸ். அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கும். ஏறக்குறைய இரண்டு இட்லி தரும் சக்தி. உடல் அந்தச் சர்க்கரையைப் பயன்படுத்திய பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது இரத்தக் குழாயில் நிற்காமல் திசுக்களுக்குள் போய்விடும். தலையில் அடிபட்டவருக்கு இது மூளை வீக்கத்தை அதிகப்படுத்தலாம். இரத்தச் சர்க்கரை குறைந்தவருக்கு குளுக்கோஸ் உயிர் காக்கும் மருந்து. இரத்தம் கொட்டுபவருக்கு அது மருந்தல்ல.

அப்போ சலைனை நிறைய ஏற்றலாமா?

அதுவும் கூடாது. வயது வந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கும். அதில் கணிசமான பகுதி போனால் இரத்த அழுத்தம் விழும். பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினால் அழுத்தம் கொஞ்சம் ஏறும். ஆனால் சலைனில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு இல்லை, இரத்தத்தை உறையவைக்கும் பொருளும் இல்லை. இருக்கிற இரத்தமும் நீர்த்துப்போகும், உடல் குளிர்ந்துபோகும், உறைதல் குறையும். ஓட்டை விழுந்த டேங்கை அடைக்காமல் மோட்டார் போட்ட கதைதான்.

1994-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மார்பு, வயிற்றுப் பகுதியில் குத்து அல்லது குண்டுக் காயம் பட்ட 598 பேரில், அறுவை அரங்குக்குப் போகும்வரை திரவம் தள்ளிப்போடப்பட்டவர்களில் 70% பேர் பிழைத்தனர். உடனே ஏற்றப்பட்டவர்களில் 62%. சாலை விபத்துக் காயங்கள் வேறு மாதிரி என்பதால் இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், ‘எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது’ என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. உலகெங்கும் பின்பற்றப்படும் ‘ஏ.டி.எல்.எஸ்’ விபத்து சிகிச்சைப் பயிற்சியின் 2018-ம் ஆண்டுப் பதிப்பு, பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் 1 லிட்டர் வரை போதும், அதற்குப் பிறகும் தேறாவிட்டால் சீக்கிரமே இரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. தலையில் பலமாக அடிபட்டவருக்கு இரத்த அழுத்தம் விழவே கூடாது. மூளைக்கு இரத்தம் குறைந்தால் பாதிப்பு பெரிதாகும். அதனால்தான் ஒருவருக்கு நிதானமாக ஏறும் டிரிப்ஸ், பக்கத்துப் படுக்கையில் வேகமாக ஏறலாம்.

இரத்தப்போக்கைக் குறைக்க மருந்து இருக்கிறதா?

இருக்கிறது. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற விலை குறைந்த ஊசி மருந்து. இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடந்த ‘கிராஷ்-2’ ஆய்வின் முடிவு 2010-ல் வெளியானது. இந்த மருந்து தரப்பட்டவர்களில் இறப்பு 14.5%, தரப்படாதவர்களில் 16%. ஆனால் நேரம்தான் எல்லாம். முதல் ஒரு மணி நேரத்தில் பலன் அதிகம். 3 மணி நேரம் தாண்டிவிட்டால் நன்மைக்குப் பதில் தீமை வரலாம் என்று அடுத்தகட்டப் பகுப்பாய்வு எச்சரித்தது. “எத்தனை மணிக்கு அடிபட்டது?” என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மயக்க மருந்து எதற்கு?

எலும்பை நேராக்க, மூச்சுக்குழாயில் டியூப் போட, தாங்க முடியாத வலியை அடக்க. இதற்கு ஒரே மருந்து கிடையாது. புரோபோபால் வேகமாக மயக்கும், ஆனால் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இரத்தம் இழந்தவருக்கு அது ஆபத்து. மிடாசோலம் பதற்றத்தைக் குறைக்கும். மார்பின், ஃபென்டனில் வலியைக் குறைக்கும். ஆனால் அளவு மீறினாலோ, இரண்டும் சேர்ந்தாலோ மூச்சு நின்றுபோகலாம்.

கெட்டமின் கொஞ்சம் வேறு ரகம். வலியையும் நினைவையும் துண்டிக்கும். பெரும்பாலும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வளவாகத் தொடாது. 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. 2018-ல் தாய்லாந்து குகையில் சிக்கிய 12 சிறுவர்களை நீருக்கடியில் வெளியே கொண்டுவந்தபோது கொடுக்கப்பட்டதும் இதுவே. அதேசமயம் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதால் இந்தியாவில் கடும் கட்டுப்பாட்டில் உள்ளது.

எந்த மருந்தானாலும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன், மூச்சு நின்றால் கையாளத் தெரிந்த ஆள், இந்த மூன்றும் பக்கத்தில் இருக்கணும். 2009-ல் பாடகர் மைக்கேல் ஜாக்சனின் உயிரைப் பறித்த மருந்து கொடுக்கப்பட்டது மருத்துவமனையில் அல்ல, வீட்டில். அந்த மருந்து புரோபோபால்.

“குடிச்சிருக்கார், தூங்க வைங்க” - ஏன் ஆபத்து?

அடிபட்டவர் கத்துகிறார், கையை உதறுகிறார் என்றால் அது போதையாகத்தான் இருக்கணும் என்றில்லை. மூளையில் இரத்தக்கசிவு, ஆக்சிஜன் குறைவு, சர்க்கரைக் குறைவு எதுவாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் தூங்க வைத்தால், நினைவு மங்குவதைக் கவனிக்கும் வாய்ப்பே போய்விடும். ‘அமைதியாகிட்டார்’ என்று குடும்பம் நிம்மதி அடையும் நேரம், நிலைமை மோசமாகும் நேரமாகவும் இருக்கலாம்.

பணம் இல்லாவிட்டால் சிகிச்சை நிற்குமா?

நிற்கக் கூடாது. ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். தொடங்கியபோது உச்சவரம்பு ரூ.1 லட்சம், பின்னர் ரூ.2 லட்சமானது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்ற பாகுபாடு கிடையாது. சுற்றுலாப் பயணிகள் குவியும் மாமல்லபுரத்துக்கு இது முக்கியம். உதவி செய்பவரைப் பாதுகாக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் உள்ளது.

உடன் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

* 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸிலேயே மருத்துவ உதவியாளர் டிரிப்ஸ் போட முடியும்.
* இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். எந்தப் பாட்டிலும் இதற்கு ஈடாகாது.
* தண்ணீர், சோடா, காபி எதுவும் தர வேண்டாம். மயக்க மருந்து தரும்போது வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.
* அடிபட்ட நேரம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை, மது அருந்தியது எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.
* வலிக்கென்று கடையில் ஊசி, மாத்திரை வாங்கித் தராதீர்கள்.

டிரிப்ஸும் மயக்க மருந்தும் காயத்தைக் குணமாக்குவதில்லை. இரத்தம் கிடைக்கும்வரை, அறுவை அரங்கு தயாராகும்வரை அவகாசம் வாங்கித் தருகின்றன. எனவே மருத்துவமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி “பாட்டில் ஏத்தியாச்சா?” என்பதல்ல. “இரத்தப்போக்கு நின்றதா, இங்கே ஆபரேஷன் வசதி இருக்கா, இல்லைன்னா எப்போ, எங்கே அனுப்புவீங்க?” என்பதுதான்.