சர்க்கரை வேஷம் கட்டும் புரதம்

சர்க்கரை என்றதும் காப்பியும் நீரிழிவும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் மனித உடலில் சர்க்கரைக்கு வேறொரு உத்தியோகமும் உண்டு. உயிரணுக்களின் மேற்புறத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் ரோமம்போல் படர்ந்திருக்கின்றன. அவைதாம் அணுக்களின் மேல்விலாசம். ஏ வகை ரத்தத்துக்கும் பி வகை ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரைதான். அந்த ஒன்று மாறிய ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து!

இத்தனை வல்லமை உள்ள பொருளை மருந்தாக்கினால் என்ன? அங்கேதான் தொல்லை. குளுகோஸ் இரண்டை இணைத்தால் 11 விதமாக இணையலாம். அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டை இணைத்தாலோ ஒரே விதம்தான். ஆகையால் சர்க்கரைச் சங்கிலி செய்வது மகா சிரமம். பெப்டைடு எனப்படும் புரதத் துண்டு செய்வது சுலபம். அமெரிக்க ரசாயன நிபுணர் மெரிஃபீல்டு 1963-ல் வகுத்த முறைப்படி, மணி கோப்பதுபோல் கோத்துவிடலாம். அதற்காக 1984-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

சர்க்கரையைப் போலவே நடிக்கும் பெப்டைடு அகப்பட்டால் காரியம் முடிந்ததே என்று விஞ்ஞானிகள் நினைத்தார்கள். தேடுவதற்கு வழியும் இருந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மேலுறையில் விதவிதமான பெப்டைடுகளை ஏற்றி, வேண்டியதை வலைபோட்டுப் பிடிக்கும் முறையை ஜார்ஜ் ஸ்மித் 1985-ல் கண்டிருந்தார். 2018-ல் அவரும் நோபல் பரிசு பெற்றார். தம்பட்டை அவரைக்கு உறவான ஒரு கொட்டையில் கான்கனவாலின் என்ற புரதம் இருக்கிறது. சில சர்க்கரைகளைக் கவ்விப் பிடிப்பது அதன் குணம். 1992-ல் அதையே தூண்டிலாக்கிச் சில பெப்டைடுகளைப் பிடித்தார்கள். சர்க்கரையின் அசல் வேஷம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள்.

அசல்தானா? டெல்லியிலுள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் படிகமாக்கிப் பார்த்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை உட்காரும் நாற்காலியில் பெப்டைடு உட்காரவே இல்லை. பக்கத்தில் வேறோர் இடம் பிடித்திருந்தது! ஒட்டிக்கொண்டது என்பதற்காக ஒரு பொருளை மருந்து என்று கொண்டாடுகிறவர்கள் இந்தச் சங்கதியை மறக்கக்கூடாது.

தடுப்பு மருந்து விஷயத்தில் இந்த வேஷதாரிக்கு அதிக வேலை இல்லை என்றே சொல்லவேண்டும். கிருமியின் சர்க்கரையையே ஒரு புரதத்தோடு பிணைத்துக் குழந்தைகளுக்குப் போடும் ஊசி பல நாடுகளில் வெற்றி கண்டுவிட்டது. கஷ்டம் கொடுத்தது மூளைக்காய்ச்சல் கிருமியின் பி வகை. அதன் சர்க்கரைப் போர்வை குழந்தையின் மூளையில் உள்ள சர்க்கரையை ஒத்தது என்று 1983-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதை ஊசியாகப் போட்டால் உடல் அதைச் சொந்தமென்று எண்ணிச் சும்மா இருக்கும்; அல்லது சொந்த மூளையையே பகைக்கும். பெப்டைடு வேஷத்தையும் சிலர் முயன்றார்கள். ஆனால் 2013-ல் ஐரோப்பா அங்கீகரித்த ஊசி, கிருமியின் புரதங்களைக் கொண்டே செய்யப்பட்டது. சர்க்கரையை அது சீண்டவே இல்லை.

இது வீண் பயமுமல்ல. கம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் சர்க்கரை, மனித நரம்பின் சர்க்கரையைப் போன்றது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல் சிலருக்கு நரம்பையே தாக்கி, கைகால்களை முடக்கிவிடுகிறது. கீயான்-பாரே நோய் என்பது அதுதான். இயற்கை கட்டும் வேஷமே இப்படியென்றால், மனிதன் கட்டும் வேஷத்தை எவ்வளவு சோதிக்க வேண்டும்!

பெப்டைடுக்கு உண்மையான வேலை வேறிடத்தில் காத்திருக்கிறது. அறுந்த நரம்பு வளர்வதற்கு உதவும் சில சர்க்கரைகள் உடலிலேயே உண்டு. ஹாம்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் அவற்றில் ஒன்றைப்போல் நடிக்கும் பெப்டைடை, தொடை நரம்பு அறுக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வைத்தார்கள். வைக்காத எலிகளைவிட அவற்றின் கால் நன்றாகத் தேறியதாக 2006-ல் அறிவித்தார்கள். இங்கே யாரையும் எதிர்க்கும்படி உடலைத் தூண்டவேண்டியதில்லை. விழுங்கினால் பெப்டைடு பருப்புக் குழம்புபோல் ஜீரணமாகிவிடும் என்ற ஆட்சேபமும் இங்கே பலிக்காது. காயத்தின் வாயிலேயே வைத்துவிடலாம்.

எலிக்கும் மனிதனுக்கும் தூரம் அதிகம் என்பார்கள். வாஸ்தவம். எலியின் நரம்பு வளரவேண்டிய தூரம் சிறிது. மனிதனின் நரம்பு தோளிலிருந்து விரல்வரை போகவேண்டும். ஆனாலும் இயந்திரத்தில் கை சிக்கியவனுக்கும், விபத்தில் தோள் நரம்பு அறுந்த வாலிபனுக்கும் இன்று தையல் போட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பதைத் தவிர வைத்தியர்களால் செய்யக்கூடியது கொஞ்சமே. ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடுகிறவர்கள் தடுப்பு ஊசிப் பந்தயத்தில் இந்தப் பெப்டைடுகளை ஓடவிடுவதை நிறுத்தி, அந்தத் தொகையை நரம்பு ஆராய்ச்சிக்குத் திருப்பலாம்.