நாகதோஷமா, சுரப்புநீர்க் கோளாறா?

பம்பும் மோட்டாரும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர் கோவை. மோட்டார்ச் சுருள் கருகினால் அங்கு எவரும் ஜாதகம் புரட்டுவதில்லை. பட்டறைக்குத் தூக்கிச் செல்கின்றனர். ஆனால், மகளுக்கு மூன்று திங்களாக மாதவிலக்கு வரவில்லையெனில்? முகத்திலே உரோமம் அரும்பினால்? அழை ஜோதிடரை! நாகதோஷமாம், பரிகாரமாம், பாலாபிஷேகமாம்!

தோழர்களே! சினைப்பை நீர்க்கட்டி நோயை 1935-லேயே சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்னும் லெவென்தாலும் விளக்கி எழுதிவிட்டனர். பலரிடத்தே இன்சுலின் சரிவரப் பயன்படாது இரத்தத்தில் மிகுகிறது. அதனால் ஆண்தன்மைச் சுரப்புநீர் ஓங்குகிறது. முட்டைகள் முதிராது சிறு பைகளாய்த் தங்கிவிடுகின்றன. கட்டி, கட்டி என்று அஞ்சுகிறோமே, அவை கட்டிகளே அல்ல! கருவுறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை அதை அறியாமலே வாழ்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறார்கள் பெரியவர்கள். தாலியிலே மெட்பார்மின் தடவியிருக்கிறதோ? மணமாகி ஈராண்டு கருத்தரிக்காவிடில், வளைகாப்புக்கு அழைப்பில்லை. 'மலடி' எனும் பட்டம் மட்டும் உண்டு. சிகிச்சையால் தாயாவோர் பலர் என்பதைச் சொல்வாரில்லை. கணவனைச் சோதிக்கச் சொல்லவோ, எவருக்கும் நாவெழாது!

மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயோடு மிகுந்து வருவதால் அவற்றையும் கேட்டறிக என 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி மருத்துவர்க்குப் பணிக்கிறது. நாம் கேட்டோமா? மேடையில் மூடநம்பிக்கையைச் சாடிவிட்டு வீடு திரும்பும் நாம், அடைத்த கதவுக்குப் பின்னே தங்கை விம்மும்போது, "அது பெண்கள் சமாசாரம்" என்று திண்ணைக்கு நகர்ந்துவிடுகிறோம்.