நடப்பவனுக்கு எத்தனை மீற்றர்?

செய்மதிகள் இனி வீதி விபத்துகளை ஒழித்துவிடும் என்று பேசி மகிழும் அறிஞர் நம்மிடையே பெருகி வருகின்றனர். சாரதியின் கருவியும் பாதசாரியின் கைத்தொலைபேசியும் தத்தம் இருப்பிடத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்குமாம். மோதல் நேருமுன் எச்சரிக்கை ஒலிக்குமாம். நுண்ணறிவுப் போக்குவரத்து என்று இதற்குப் பெயர். விஞ்ஞானத்துக்கு நாம் பகைவர் அல்லர். வகுப்பறையில் அதைப் போற்றியே பேசுகிறோம். ஆயினும் குறிஞ்சிப்பிட்டியில் நின்று பார்க்கும் எமக்குச் சில ஐயங்கள் உண்டு.

பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியை அறிந்தவர் அறிவர். மரக்கறி லொறியும் மீன் வண்டியும் உல்லாசப் பயணிகளின் வாகனமும் அதில் விரைகின்றன. ஓரத்து மணலில் நம் மாணவர் நடக்கின்றனர். சக்கரத்துக்கும் பிள்ளைக்கும் இடையே சில வேளை ஒரு மீற்றரும் இராது. இனிக் கணக்கைப் பாருங்கள். திறந்த வெளியிலேயே சாதாரணக் கைத்தொலைபேசி காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீற்றர் பிழைபடக்கூடும். ஒரு வாகனத் தடத்தின் அகலமோ 3 அல்லது 3.5 மீற்றர். பிள்ளை மணலில் நிற்கிறதா, நடுவீதியில் நிற்கிறதா என்பது அக்கருவிக்குத் தெரியாது. காரணமின்றி ஓயாமல் கூவும் எச்சரிக்கையைச் சாரதி இரண்டாம் நாளே அணைத்துவிடுவார்.

பிழை எங்கிருந்து வருகிறது? குறைந்தது நான்கு செய்மதிகளின் அலைகள் வந்துசேரும் நேரத்தை அளந்தே இடம் கணிக்கப்படுகிறது. ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீற்றர் தூரம் பிசகும். வழியிலுள்ள அயனமண்டலமும் அலையைத் தாமதிக்கச் செய்யும். பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு அண்மையில் செல்கிறது. 1963இல் இந்தியா ரொக்கெட் ஏவுவதற்குக் கேரளத்தின் தும்பா என்னும் மீனவக் கிராமத்தைத் தெரிந்தெடுத்ததும் அக்கோட்டை நாடியே. இவ்வட்டாரத்து அயனமண்டலம் பொழுது சாய்ந்தபின் கொந்தளித்து அலையைச் சிதைப்பதுண்டு. மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் விளக்கற்ற வீதியில் வீடு திரும்பும் நேரமும் அதுவே.

திருத்த முடியாதா என்றால், முடியும். தரை நிலையங்கள் பிழையைக் கணித்துத் திருத்தம் அனுப்பினால் சென்ரிமீற்றர் அளவை நெருங்கலாம். யப்பான் 2018 முதல் தன் செய்மதிகள் வழியே அதைச் செய்கிறது. ஐரோப்பாவின் கலிலியோ 2023இல் கட்டணமின்றி உயர்துல்லியச் சேவையைத் தொடங்கியது. இன்னொன்றையும் நினைவூட்டுவோம். அமெரிக்கா தன் ஜிபிஎஸ் அலையை வேண்டுமென்றே கெடுத்துப் பொதுமக்களுக்கு வழங்கி வந்தது. ஏறத்தாழ 100 மீற்றராயிருந்த பிழை, 2000 மே மாதத்தில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டதும் பத்திலொன்றளவாயிற்று. அன்று இயற்கையா மாறியது? ஆணை மாறியது! அந்த ஆணை எவர் நலனுக்கு என்பதே நம் கேள்வி.

நம் கடலில் இதற்கு விடை உண்டு. பலநாட் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பரவலாகப் பொருத்தப்பட்டது எப்போது? புயலில் அகப்பட்டவர் வீட்டில் ஒப்பாரி எழுந்தபோதன்று. 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தபின் அன்றோ வேலை விரைந்தது! 2016இல் தடை நீங்கிற்று. மீன் எங்கே பிடிபட்டது என்பது வாங்குபவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நம் கரையிலிருந்து சிறு வள்ளத்தில் செல்பவன் எங்கே என்பதை அறிய எவருக்கும் அத்தனை அவசரமில்லை.

வீதியிலும் இதுவே நேரும் என அஞ்சுகிறோம். கருவி உடையவனே வீதியில் இருப்பவனாகக் கணக்கிடப்படுவான். கைத்தொலைபேசி இல்லாத கிழவியும் எட்டு வயதுச் சிறுமியும் கணக்கில் வாரார். நாளை வழக்கு வந்தால், 'அவள் கருவி வைத்திருக்கவில்லை' என்று வாதிடத் தயங்குவார்களா? 2021இல் உலக வீதிகளில் மாண்ட ஏறத்தாழ 11.9 லட்சம் பேரில் நூற்றுக்கு 23 பேர் பாதசாரிகள். கருவி வாங்கும் சுமையையும் இவர்கள் தலையிலேயே ஏற்றுவதா?

திருத்தச் சேவை பொதுச் சொத்தாகட்டும். அதன் செலவை வாகனமும் அரசும் ஏற்கட்டும். நடைபாதையும் தெருவிளக்கும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் பாடசாலைக்கு அருகே பாதசாரிக் கடவையின் கோடுகள் அழிந்து மூன்று தவணைகள் ஆயின. உரியவர்களுக்கு இருமுறை எழுதினோம், மறுமொழி இல்லை.